ஒன்ராறியோவில ஓ.ரி. மாரைக் கண்காணிக்கிறது ஆர்? அடிக்கடி என்னட்ட கேக்கிற கேள்விகள்

அண்ணான்ர கார் அக்சிடன்ட் கேஸில வந்த ஒரு ஓ.ரி. மேல நாங்கள் அவையைக் கண்காணிக்கிற கொலிஜுக்கு முறைப்பாடு குடுத்தனாங்கள். அந்தக் கதை எப்பிடியோ ஸ்காபரோ, மார்க்கம், அஜாக்ஸ் எண்டு பரவி, இப்ப ஆருக்கு ஓ.ரி.யோட பிரச்சினை எண்டாலும் எனக்குத்தான் போன் வருது. ஒண்டையே திருப்பித் திருப்பிச் சொல்லி வாய் நோகுது, அதால எல்லாத்தையும் இதில எழுதிவிடுறன். நான் லோயரும் இல்லை ஓ.ரி.யும் இல்லை, அந்த வழியால ஒருக்காப் போய் வந்த ஆள், அவ்வளவுதான்.

ஓ.ரி. எண்டா ஓவர்டைம் தானே?

பக்டரியில நிண்ட எங்கட ஆக்களுக்கு முதல்ல அதுதான் ஞாபகம் வரும், எனக்கும் அப்பிடித்தான். இது ஒக்கியூபேஷனல் தெரப்பிஸ்ட். ஊரில தொழில்வழிச் சிகிச்சையாளர் எண்டு சொல்லுவினம், ஆனா அந்தப் பேரைக் கேட்டா ஏதோ வேலை எடுத்துத் தாற ஆள் எண்டு நினைப்பியள். ஒன்ராறியோச் சட்டத்தில அவையின்ர வேலையை மூண்டு விசயமாப் பிரிச்சிருக்கு: ஒரு ஆள் தன்ர உடம்பு அலுவலைத் தானே பாக்கிறது, வேலை படிப்பு மாதிரி பிரயோசனமான அலுவல், மற்றது பொழுதுபோக்கு. இந்த மூண்டிலயும் வருத்தத்தாலயோ அடிபட்டதாலயோ ஒரு ஆளுக்கு ஏலாமப் போனதைத் திரும்பச் செய்ய வைக்கிறதுதான் ஓ.ரி.

அம்மா இடுப்பெலும்பு உடைஞ்சு ஆஸ்பத்திரியால வந்த பிறகு ஒரு ஓ.ரி. வீட்ட வந்தவா. பாத்டப்பின்ர உயரத்தை டேப் வைச்சு அளந்தா, கட்டில்ல இருந்து எழும்பச் சொன்னா, பிறகு குசினிக்கு வந்து அம்மாவைத் தேத்தண்ணி போடச் சொல்லிப்போட்டு கையைக் கட்டிக்கொண்டு பாத்தபடி நிண்டா. அம்மாவுக்கு விசர். வீட்ட வந்த ஆள் என்னைத் தேத்தண்ணி போடச் சொல்லுதோ எண்டு. பிறகுதான் விளங்கினது, கேத்திலைத் தூக்கேக்க கை நடுங்குதோ, அடுப்பை மறக்காம நூத்தினாவோ, வோக்கரைப் பிடிச்சுக்கொண்டு கோப்பையை என்னெண்டு கொண்டுபோறா எண்டு பாத்தவா. அந்தக் கோப்பை விசயம் எங்கள் ஒருத்தருக்கும் யோசனையிலயே வரேல்ல.

கொலிஜ் எண்டா பள்ளிக்கூடமோ?

இல்லை, அங்க ஒருத்தரும் படிக்கிறேல்ல. ஒன்ராறியோவில டொக்டர், நேர்ஸ், பல் வைத்தியர், பிஸியோ எண்டு ஒவ்வொரு தொழிலுக்கும் தனித்தனியா ஒரு ஒழுங்குபடுத்துற அமைப்பு இருக்கு, அதுகளுக்குத்தான் கொலிஜ் எண்டு பேர், மொத்தம் 26 இருக்கு. ஓ.ரி. மாருக்கு உள்ளது கொலிஜ் ஒஃப் ஒக்கியூபேஷனல் தெரப்பிஸ்ட்ஸ் ஒஃப் ஒன்ராறியோ. 1991 இல கொண்டுவந்த ரெண்டு சட்டத்தில நிக்குது: ஒண்டு எல்லாச் சுகாதாரத் தொழிலுக்கும் பொதுவானது, மற்றது ஓ.ரி. மாருக்கு மட்டும். ரெண்டும் நடைமுறைக்கு வந்தது 1993 டிசம்பர் 31. அந்தப் பொதுச் சட்டத்தில ஒரு வசனம் இருக்கு, கொலிஜ் தன்ர வேலையைச் செய்யேக்க பொதுமக்களின்ர நலனைக் காப்பாத்தோணும் எண்டு. ஓ.ரி. மாரின்ர நலன் எண்டு அதில இல்லை. இதை ஏன் சொல்லுறன் எண்டா...

...கொலிஜ் ஓ.ரி. மாரின்ர யூனியன் தானே, தன்ர ஆளை விட்டுக்குடுக்குமோ?

இதைத்தான் எல்லாரும் கேக்கினம். ஓ.ரி. மாருக்காகக் கதைக்கிறதுக்கு வேற சங்கங்கள் இருக்கு, ஒன்ராறியோவுக்கு ஒண்டு, கனடா முழுக்க ஒண்டு (கனடாச் சங்கம் 1926 இல தொடங்கினது). விரும்பினா அதில சேரலாம், விரும்பாட்டி விடலாம். கொலிஜ் அப்பிடி இல்லை, அதில பதியாம இஞ்ச ஓ.ரி. எண்டு வேலை செய்யவே ஏலாது.

ஆனா உங்கட சந்தேகம் முழுக்கப் பிழை எண்டும் சொல்லமாட்டன். கொலிஜ் நடக்கிறது ஓ.ரி. மார் வருசா வருசம் கட்டுற காசில, அரசாங்கம் காசு குடுக்கிறேல்ல. போர்டில ஓ.ரி. மாரும் இருக்கினம். அதுக்காகத்தான் ஓ.ரி. இல்லாத சாதாரண ஆக்களையும் மாகாண அரசாங்கம் நியமிக்குது, முறைப்பாட்டை விசாரிக்கிற குழுவில அப்பிடி ஒராளாவது இருந்தே ஆகோணும். தொழில் தெரிஞ்ச ஆள் இல்லாம தொழில்ல விட்ட பிழையைப் பிடிக்கவும் ஏலாது, தொழில்காரர் மட்டும் இருந்தா மூடி மறைப்பினம். ரெண்டையும் கலந்து வைச்சிருக்கினம், எனக்கு அது நியாயமாத்தான் படுது.

வாற ஆள் உண்மையா ஓ.ரி. தானோ எண்டு என்னெண்டு பாக்கிறது?

கொலிஜின்ர வெப்சைட்டில ரெஜிஸ்டர் இருக்கு, ஆரும் பாக்கலாம், காசும் இல்லை எக்கவுண்டும் வேண்டாம். பேரை அடிச்சா பதிவு நம்பர், இப்ப பதிவில இருக்கிறாவோ இல்லை நிப்பாட்டி வைச்சிருக்கினமோ, எங்க வேலை செய்யிறா, ஏதும் கட்டுப்பாடு போட்டிருக்கோ, ஒழுக்காற்று விசாரணையில பிழை எண்டு தீர்த்திருக்கோ எல்லாம் வரும். விசாரணைக்கு அனுப்பி இன்னும் முடியாத கேஸும் வரும். கமிட்டிக்கு முன்னால கூப்பிட்டு எச்சரிச்சதும், கட்டாயப் படிப்புக்கு அனுப்பினதும் கூட வரும், 2017 சட்ட மாற்றத்துக்குப் பிறகு இதுகளை மறைக்கேலாது.

போன்ல அப்பொயின்ட்மென்ட் போடேக்கயே முழுப்பேரையும் எழுத்துக்கூட்டிக் கேளுங்கோ. கேட்டா கோவிப்பினமோ எண்டு பயப்பிடாதேங்கோ, தங்கட பேரும் பதிவும் சொல்லுறது அவையின்ர கடமை. ரெஜிஸ்டரில பேர் வரேல்ல எண்டா உடன கள்ளன் எண்டு முடிவு கட்டவும் வேண்டாம், கலியாணம் கட்டிப் பேர் மாத்தின ஆக்கள் கனபேர், கொலிஜுக்கே அடிச்சுக் கேளுங்கோ சொல்லுவினம்.

பதியாத ஒராள் ஓ.ரி. எண்டு சொல்லிக்கொண்டு வந்தா?

அந்தப் பேர் சட்டத்தால பாதுகாக்கப்பட்ட பேர். பதியாத ஆள் அதைப் பாவிச்சா முதல் தரம் 25,000 டொலர் வரைக்கும், அடுத்த தரம் 50,000 வரைக்கும் தண்டம் வரலாம். இப்பிடியான ஆளைக் கண்டா கொலிஜுக்குச் சொல்லுங்கோ.

ஆனா ஒண்டு, ஓ.ரி. அசிஸ்டென்ட் எண்டு வாற பிள்ளையள் இருக்கினம், அவை பதிவில இல்லை, பதியவும் தேவையில்லை, அது களவும் இல்லை. அவையை அனுப்பின ஓ.ரி.தான் பொறுப்பு. அசிஸ்டென்ட் ஒராள் வந்து அப்பாவுக்குப் பயிற்சி குடுக்கேக்க விழுத்திப்போட்டா எண்டா, அந்த ஆளை ஏன் அனுப்பினது, ஒழுங்காச் சொல்லிக்குடுத்ததோ, மேற்பார்வை பாத்ததோ எண்டு ஓ.ரி.யிட்டத்தான் கேள்வி வரும். குளிப்பாட்ட வாற பிஎஸ்டபிள்யூ மார் (வீட்டுப் பராமரிப்பு உதவியாளர்) இந்தக் கொலிஜுக்குக் கீழ வரமாட்டினம், அதுக்கு அவையை அனுப்பின ஏஜென்சியோட கதையுங்கோ.

ஒருத்தரும் முறைப்பாடு குடுக்காட்டி, கொலிஜ் சும்மா இருக்குமோ?

இல்லை. வருசா வருசம் மே 31 க்குள்ள பதிவைப் புதுப்பிக்கோணும், அதில வழக்கு இருக்கோ, வேற இடத்தில பிரச்சினை இருக்கோ எண்டு எல்லாம் கேக்கினம். இன்சூரன்ஸ் கட்டாயம் வைச்சிருக்கோணும். மூண்டு வருசத்துக்குள்ள 600 மணித்தியாலமாவது வேலை செய்திருக்கோணும், அப்பிடி இல்லாட்டி திரும்ப வேலைக்கு வாறதுக்கு கொலிஜ் நிபந்தனை போடலாம். தங்களைத் தாங்களே மதிப்பிட்டு எதில குறை எண்டு எழுதி, அதைத் திருத்தத் திட்டம் போடோணும். சில பேரைத் தெரிவு செய்து இன்னொரு ஓ.ரி. அவையின்ர ஃபைலையும் வேலை செய்யிற விதத்தையும் பாப்பா.

இன்னொரு வழியும் இருக்கு, எனக்குப் பிடிச்சது அதுதான்: ஒரு ஓ.ரி. வருத்தக்காரரைப் பாலியல் ரீதியாத் தொந்தரவு செய்யிறா எண்டு இன்னொரு ஓ.ரி.க்கோ, டொக்டருக்கோ, நேர்ஸுக்கோ தங்கட வேலைக்குள்ள தெரிய வந்தா அவை சொல்லியே ஆகோணும், நண்பன் எண்டு மறைச்சா அவையே மாட்டுப்படுவினம். வேலை குடுத்த இடமும் ஒராளைத் திறமை இல்லை எண்டோ ஒழுக்கக்கேடு எண்டோ நிப்பாட்டினா அதைக் கொலிஜுக்கு அறிவிக்கோணும்.

எதுக்கெல்லாம் முறைப்பாடு குடுக்கலாம்?

சம்மதம் எடுக்காமச் செய்தது, பிழையான ரிப்போர்ட், பாக்காத விசயத்தைப் பாத்தன் எண்டு எழுதினது, உங்கட கதையை வேற ஆக்களுக்குச் சொன்னது, மரியாதை இல்லாமக் கதைச்சது, வராத நாளுக்குக் காசு அடிச்சது, பாதியில கைவிட்டுட்டுப் போனது. இது எல்லாம் போகும்.

எங்கட ஆக்கள் கவனிக்காத ஒண்டு, சாமான் விக்கிற விசயம். ஒரு வீல்செயர் எண்டா மாகாணத்தின்ர உபகரண உதவித் திட்டம் அங்கீகரிச்ச விலையில 75 வீதம் குடுக்கும், அதுக்கு ஓ.ரி. அல்லது பிஸியோ ஒராள் பாத்துக் கையெழுத்து வைக்கோணும். அந்த ஓ.ரி. இந்தக் கடையிலதான் வேண்டோணும் எண்டு உங்களை வற்புறுத்தி, அந்தக் கடையிட்ட கொமிஷன் வேண்டினா அது தொழில் ஒழுக்கத்தை மீறினது. ரெண்டு மூண்டு கடைப் பேர் தாங்கோ எண்டு நீங்கள் கேக்கலாம்.

ரைமுக்கு வரேல்ல, பிந்தி வந்தா எண்ட மாதிரி விசயத்துக்கு நான் கொலிஜுக்குப் போகமாட்டன், ஏஜென்சி மனேஜரோட ஒரு போன்ல முடியும். வீட்டுப் பராமரிப்பை ஒழுங்கு செய்யிற மாகாண அமைப்பான ஒன்ராறியோ ஹெல்த் அட்ஹோமால ஆள் வரப் பிந்துது, வெயிட்டிங் லிஸ்ட் நீளம் எண்டா அதுக்கும் கொலிஜ் இல்லை. முதல்ல அவையோட கதையுங்கோ, சரிவராட்டி பேஷன்ட் ஒம்புட்ஸ்மன் எண்டு வருத்தக்காரரின்ர முறைப்பாட்டைக் கேக்கிற தனி அலுவலகம் ஒண்டு இருக்கு.

இன்சூரன்ஸ் கொம்பனி அனுப்பின ஓ.ரி. மேலயும் குடுக்கலாமோ?

குடுக்கலாம், நாங்கள் குடுத்தது அதுதான். காசு குடுக்கிறது கொம்பனியா இருந்தாலும், வீட்ட வந்து உங்களைப் பாத்து ரிப்போர்ட் எழுதேக்க கொலிஜின்ர விதி முழுக்கப் பொருந்தும். நான் கொம்பனியின்ர ஆள், உங்களுக்குப் பொறுப்பில்லை எண்டு சொல்லேலாது.

நடந்தது இதுதான். அண்ணாவுக்குத் தோளும் இடுப்பும் அடிபட்டு, ரொய்லெட்டுக்குப் போறதுக்கும் அண்ணிதான் உதவி. எங்கட பக்க ஓ.ரி. ஏற்கெனவே ஃபோர்ம் 1 எண்ட படிவத்தை நிரப்பிக் குடுத்திட்டா, அதில இவருக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் ஆள் உதவி வேணும் எண்டு நிமிசக் கணக்கில வரும். கொம்பனி அதை நம்பாம தங்கட ஓ.ரி. ஒராளை அனுப்பினது. வந்தது ஒரு வெள்ளிக்கிழமை, பள்ளிக்கூடம் லீவு, அண்ணி வேலையில. அண்ணாவுக்கு இங்கிலிஷ் மட்டுமட்டு. மொழிபெயர்க்க ஆள் கேட்டு வைச்சனாங்கள், வரேல்ல. அந்த மனுசி என்ன செய்தது எண்டா, மேசையில ஹோம்வேர்க் செய்துகொண்டிருந்த என்ர பெறாமகளைக் கூப்பிட்டு மொழிபெயர்க்கச் சொன்னது. அவளுக்குப் பதினொரு வயசு. அப்பா ரொய்லெட்டால வந்து தானே கழுவுவாரோ கேளு எண்டு அவளிட்டக் கேட்டிருக்கு. பிள்ளை அப்பாவைப் பாத்தது, அப்பா நிலத்தைப் பாத்தார். பிள்ளை கேக்கவே இல்லை, "யெஸ்" எண்டு சொல்லிப்போட்டுது. வேற எந்தப் பதினொரு வயசுப் பிள்ளை வேற என்ன சொல்லும்?

நாப்பது நிமிசத்தில ஆள் போயிட்டுது. ரிப்போர்ட் வந்தது, தனிப்பட்ட பராமரிப்பை முழுக்க ஆள் உதவி இல்லாமத் தானே பாத்துக்கொள்ளுறார் எண்டு. ஆள் உதவிக் காசு நிண்டுபோச்சு.

இதில ஒரு கவனம்: கொம்பனி அனுப்பின ஆளை உள்ள விடமாட்டன் எண்டு நீங்களாவே சொல்லிப்போடாதேங்கோ, அதால உங்கட காசு நிக்கலாம், லோயரோட கதைச்சிட்டுச் செய்யுங்கோ. மொழிபெயர்ப்பாளர் வரேல்ல எண்டா இண்டைக்கு வேண்டாம், வேற நாள் போடுங்கோ எண்டு கேட்டு, கேட்டதை ஈமெயிலிலயும் அனுப்பி வைச்சிருங்கோ.

முறைப்பாடு எப்பிடிக் குடுக்கிறது? தமிழில ஏலுமோ?

போன்ல சொன்னாக் காணாது, எழுத்தில இல்லாட்டி ரெக்கோர்ட் பண்ணிக் குடுக்கோணும். சட்டப்படி கொலிஜ் இங்கிலிஷ், ஃபிரெஞ்ச் ரெண்டிலயும் சேவை குடுக்கோணும், தமிழ் அதில இல்லை. வீட்டில ஆரும் எழுதித் தரலாம், நானும் அண்ணா சொல்லச் சொல்லத்தான் எழுதினன். வருத்தக்காரர் தான் குடுக்கோணும் எண்டும் இல்லை, கண்ட ஆள் ஆரும் குடுக்கலாம், ஆனா வருத்தக்காரரின்ர மருத்துவ விபரம் பாக்கிறதுக்கு அவையின்ர சம்மதக் கையெழுத்துக் கேப்பினம். காலக்கெடு ஒண்டும் இல்லை. பழைய விசயமும் குடுக்கலாம், ஆனா ரெக்கோர்ட்டுகளைப் பத்து வருசம்தான் வைச்சிருக்கோணும் எண்டு விதி (சின்னப் பிள்ளையள் எண்டா 18 வயசு ஆனதில இருந்து பத்து வருசம்), அதுக்குப் பிறகு தேடிப் பிடிக்கிறது கஸ்டம்.

பேர் சொல்லாமக் குடுக்கேலாது. உங்கட கடிதத்தின்ர கொப்பி அந்த ஓ.ரி.க்குப் போகும், அதை நினைச்சு எழுதுங்கோ. நான் முதல் எழுதின கடிதத்தில ரெண்டு பக்கம் திட்டுத்தான், அண்ணி வாசிச்சுப்போட்டு கிழிச்செறிஞ்சா. பிறகு திகதி, நேரம், ஆர் ஆர் வீட்டில நிண்டது, என்ன கேட்டது, ரிப்போர்ட்டின்ர எந்தப் பக்கத்தில எந்த வரி பிழை எண்டு மட்டும் எழுதினம், ஒண்டரைப் பக்கம்தான் வந்தது. குடுக்க முதல் ஓ.ரி.யின்ர ஃபைலைக் கேட்டு எடுங்கோ, உங்கட மருத்துவ ரெக்கோர்ட்டைப் பாக்கிறது உங்கட உரிமை, 30 நாளுக்குள்ள பதில் தரோணும்.

குடுத்த பிறகு என்ன நடக்கும்?

14 நாளுக்குள்ள ஓ.ரி.க்கு அறிவிப்பினம். அவாவுக்குப் பதில் எழுத 30 நாள். அந்தப் பதில் உங்களுக்கும் காட்டினா நீங்களும் ஏதும் சொல்லலாம். பிறகு விசாரிக்கிற ஆள் ஒராள் ஃபைலை எடுப்பா, சாட்சியளோட கதைப்பா, எல்லாத்தையும் கட்டி மூண்டு பேராவது உள்ள குழுவுக்குக் குடுப்பா. நீங்கள் அங்க போய் நிக்கத் தேவையில்லை, அவை பேப்பரிலதான் பாக்கினம்.

150 நாளுக்குள்ள முடிக்கோணும் எண்டு சட்டம் சொல்லுது. ஏலாட்டி ஏன் பிந்துது எண்டு கடிதம் போடுவினம். எங்களுக்கு அந்தக் கடிதம் வந்தது, மொத்தமாப் பத்து மாசம் எடுத்தது.

அந்த ஓ.ரி.யின்ர பதில் வந்த நாள் எனக்கு நல்ல ஞாபகம். அவா எழுதியிருந்தா, எல்லாத்தையும் விளங்கப்படுத்தினன், அவர் தலையாட்டிச் சம்மதிச்சவர் எண்டு. அண்ணா எதுக்கும் தலையாட்டுற ஆள். பாங்கில ஆட்டுவார், பொலிஸ் மறிச்சா ஆட்டுவார், விளங்கினாலும் ஆட்டுவார் விளங்காட்டி இன்னும் கூட ஆட்டுவார், எங்கட சனம் பாதிப்பேர் அப்பிடித்தானே. நாங்கள் திருப்பி எழுதினது அதைப் பற்றித்தான், ஒன்ராறியோவின்ர 1996 ஆம் ஆண்டுச் சம்மதச் சட்டத்தில சம்மதம் எண்டா விளங்கிச் சொல்லோணும், விளங்காமத் தலையாட்டினது சம்மதம் இல்லை எண்டு.

என்ன முடிவு தருவினம்?

ஒண்டும் செய்யத் தேவையில்லை எண்டு விடலாம், கனக்க முறைப்பாடு அப்பிடித்தான் முடியும், மனசைத் தயார்படுத்திக்கொள்ளுங்கோ. புத்திமதி சொல்லலாம். ஓ.ரி.யை நேரில கூப்பிட்டு எச்சரிக்கலாம். குறிச்ச படிப்பைச் செய்து முடிக்கச் சொல்லலாம். பாரதூரம் எண்டா ஒழுக்காற்றுக் கமிட்டிக்கு அனுப்பலாம், அதுக்கிடையில ஆபத்து எண்டு கண்டா இடைக்காலமா வேலையை நிப்பாட்டவும் ஏலும். ஆளுக்கு வருத்தம், குடிப்பழக்கம் மாதிரி ஏதும் இருந்து வேலை செய்யேலாத நிலை எண்டா அதுக்கு வேற கமிட்டி.

எங்கட கேஸில, சம்மதம் எடுக்கிறதையும் மொழிபெயர்ப்பாளர் பாவிக்கிறதையும் பற்றிப் படிச்சு முடிக்கோணும் எண்டு தீர்த்தவை. அது அவாவின்ர பேருக்குக் கீழ ரெஜிஸ்டரில நிக்குது. முடிவுக் கடிதத்தில, குடும்பத்துப் பிள்ளையை வைச்சு உடம்பு விசயம் கேட்டது சரியில்லை எண்டு தெளிவா எழுதியிருந்தது. அண்ணி அந்தப் பக்கத்தை எடுத்து அலுமாரிக்குள்ள வைச்சிருக்கிறா.

முடிவு பிடிக்கேல்ல எண்டா 30 நாளுக்குள்ள ஹெல்த் புரொஃபெஷன்ஸ் அப்பீல் அண்ட் ரிவ்யூ போர்டுக்கு எழுதலாம், அது கொலிஜுக்கு வெளியில இருக்கிற அமைப்பு. விசாரணை காணுமோ, முடிவு நியாயமோ எண்டு மட்டும் பாப்பினம். ஓ.ரி.யும் அதே மாதிரி கேக்கலாம்.

அப்ப உங்களுக்குக் காசு வந்ததோ?

ஒரு சதமும் வரேல்ல. கொலிஜ் நட்டஈடு தாறேல்ல, கட்டின காசைத் திருப்பி வேண்டித் தாறேல்ல, ரிப்போர்ட்டை மாத்தி எழுத வைக்கிறேல்ல, இன்சூரன்ஸ் முடிவை மாத்துறேல்ல. இன்சூரன்ஸ் சண்டைக்கு லைசென்ஸ் அப்பீல் ட்ரைபியூனல் எண்டு ஒண்டு இருக்கு, 2016 ஏப்ரலில இருந்து கார் அக்சிடன்ட் பெனிஃபிட் பிரச்சினை எல்லாம் அங்கதான். அதை எங்கட லோயர் தனியாச் செய்தவர்.

கொலிஜ் முடிவைக் கொண்டுபோய் கோர்ட்டில காட்டி வெல்லலாம் எண்டு நினைக்கிற ஆக்களுக்கும் ஒரு வார்த்தை: கொலிஜ் விசாரணையில வந்த அறிக்கை, முடிவு ஒண்டையும் சிவில் வழக்கில சாட்சியாப் பாவிக்கேலாது எண்டு சட்டமே சொல்லுது. காசுக்கு ஒரு வழி, கொலிஜுக்கு ஒரு வழி. நாங்கள் பிறகும் ஏன் குடுத்தனாங்கள் எண்டா, அந்த மனுசி அடுத்த வீட்டுக்குப் போய் இன்னொரு பிள்ளையிட்ட அதே கேள்வியைக் கேக்கக்கூடாது எண்டுதான்.

ஒழுக்காற்றுக் கமிட்டி எண்டது கோர்ட் மாதிரியோ?

கிட்டத்தட்ட. பொதுமக்கள் போய் இருந்து பாக்கலாம். கொலிஜின்ர லோயர் வாதாடுவார், நீங்கள் சாட்சி மட்டும்தான். பிழை எண்டு தீர்த்தா கண்டனம், கட்டுப்பாடு, தற்காலிக நிறுத்தம், பதிவு ரத்து, 35,000 டொலர் வரைக்கும் தண்டம்.

பாலியல் தொந்தரவு எண்டா?

இதில விட்டுக்குடுப்பு இல்லை. பேச்சும் பார்வையும் கூட அதுக்குள்ள வரலாம். சட்டத்தில குறிச்ச செயல்கள் எண்டு நிரூபிச்சா பதிவு கட்டாயம் ரத்து, ஐஞ்சு வருசத்துக்குத் திரும்பக் கேக்கவே ஏலாது. வருத்தக்காரர் விரும்பித்தான் பழகினவர் எண்ட கதை எடுபடாது, சிகிச்சை முடிஞ்சு ஒரு வருசம் போகும் வரைக்கும் அந்த ஆள் வருத்தக்காரராத்தான் கணக்கு. பாதிக்கப்பட்ட ஆளின்ர கவுன்சிலிங்குக்கு கொலிஜ் காசு குடுக்கும், அதுக்கு விசாரணை முடியும் வரை காத்திருக்கத் தேவையில்லை. சாதாரண முறைப்பாடுகளை ரெண்டு பக்கமும் சம்மதிச்சா பேசித் தீர்க்கலாம், இதைப் பேசித் தீர்க்கவே விடமாட்டினம். குடும்ப மானம் எண்டு மூடிவைக்கிற ஆக்கள் இதை ரெண்டுதரம் வாசியுங்கோ.

ஓ.ரி. எழுதிக்குடுத்து அப்பான்ர டிரைவிங் லைசென்ஸ் போச்சு. முறைப்பாடு குடுக்கலாமோ?

குடுக்கலாம், ஆனா லைசென்ஸ் வராது. ஒரு ஆள் பாதுகாப்பா ஓட மாட்டார் எண்டு ஓ.ரி. நினைச்சா போக்குவரத்து அமைச்சுக்கு எழுதச் சட்டம் 2018 ஜூலையில இருந்து இடம் குடுக்குது, நல்ல நோக்கத்தில எழுதினா பிழை சொல்லேலாது. லைசென்ஸைத் திருப்பிக் கேக்கிறது அமைச்சோட.

இதே மாதிரித்தான் அம்மாவுக்கு நேர்சிங் ஹோம் முடிவெடுக்கிற ஆற்றல் இல்லை எண்டு ஓ.ரி. எழுதினதும். அதை எதிர்க்கிறது கன்சென்ட் அண்ட் கெப்பாசிட்டி போர்டில. ஆனா அந்த மதிப்பீட்டைத் தமிழ் விளங்காம, காது மெஷின் போடாத அம்மாவை அஞ்சு நிமிசம் கேள்வி கேட்டுச் செய்தவா எண்டா, செய்த விதத்தைப் பற்றிக் கொலிஜுக்கும் எழுதுங்கோ.

மனச்சோர்வு, பதட்டம் எண்டு ஓ.ரி. கவுன்சிலிங் செய்யினம், அது சரியோ?

சரிதான். சைக்கோதெரப்பி செய்ய ஒன்ராறியோவில உரிமை உள்ள தொழில்களில ஓ.ரி.யும் ஒண்டு. ஆனா அதுக்குரிய பயிற்சி தன்னட்ட இருக்கோணும், கேளுங்கோ.

ஊரில ஓ.ரி. படிச்ச மச்சாள் வந்திருக்கிறா, இஞ்ச செய்யலாமோ?

செய்யலாம், உடன இல்லை. வெளிநாட்டில படிச்ச ஆக்களின்ர படிப்பை இஞ்சத்தையோட ஒப்பிட்டுப் பாக்க கனடா ஓ.ரி. ஒழுங்குபடுத்துற அமைப்புகள் சேர்ந்து 2015 இல இருந்து ஒரு மதிப்பீட்டு முறை வைச்சிருக்கினம், அதுக்குப் பிறகு தேசியச் சோதினை, மொழித் தகுதி, பொலிஸ் செக். காசும் காலமும் கனக்கப் போகும். பதிவு வாற வரைக்கும் ஃபேஸ்புக்கில கூட ஓ.ரி. எண்டு போடவேண்டாம் எண்டு சொல்லுங்கோ, அசிஸ்டென்ட் வேலை செய்துகொண்டு படிக்கிற ஆக்களைத் தெரியும்.

மொன்றியலில இருக்கிற சித்தப்பாவுக்கு?

ஒவ்வொரு மாகாணத்துக்கும் வேற வேற. கியூபெக்கில அவையின்ர ஓர்டர் (அங்க கொலிஜ் மாதிரி அமைப்புக்கு அதுதான் பேர்), பிரிட்டிஷ் கொலம்பியாவில 2024 ஜூனில இருந்து பல தொழிலையும் ஒண்டாச் சேர்த்த கொலிஜ். ஒன்ராறியோ கொலிஜுக்கு எழுதினா அங்கத்தை ஓ.ரி.யை ஒண்டும் செய்யமாட்டினம்.

முறைப்பாடு குடுத்தா எங்களைப் பழிவாங்குவினமோ?

அப்பிடிச் செய்தா அதுவே அடுத்த முறைப்பாடு. அதே ஓ.ரி. தொடர்ந்து வாறது சங்கடம் எண்டா வேற ஆளை ஏஜென்சியிட்டக் கேளுங்கோ, கனதரம் மாத்தித் தருவினம்.

நல்லாப் பாத்த ஓ.ரி.க்குக் காசு, சாப்பாடு ஏதும் குடுக்கலாமோ?

காசு வேண்டாம். தங்கம், சேலை, கிஃப்ட் கார்ட் வேண்டாம். பெறுமதியான எதையும் வேண்டினா, நாளைக்கு அவா உங்களுக்காக எழுதுற ரிப்போர்ட்டை ஆரும் நம்பமாட்டினம், அது உங்களுக்குத்தான் நட்டம். பிறந்தநாளுக்குக் கூப்பிடுறதும், ஃபேஸ்புக்கில ஃபிரெண்ட் ஆக்கிறதும் அவையைத்தான் சங்கடத்தில விடும். நன்றி சொல்லி ஒரு கார்ட் எழுதுங்கோ, இல்லாட்டி அவாவின்ர மனேஜருக்கு ரெண்டு வரி.

அம்மாவுக்கு இதைச் சொன்னாக் கேக்கோணுமே. கடைசி நாள் அந்த டேப் வைச்சு அளந்த ஓ.ரி. வந்தபோது, அம்மா வோக்கரில பூட்டின சின்னத் தட்டில தேத்தண்ணிக் கோப்பையை வைச்சு தானே தள்ளிக்கொண்டு வந்து குடுத்தா, பக்கத்தில உழுந்து வடையும் ஒரு கவரும். ஓ.ரி. சிரிச்சு, கவரைத் தொடாம மேசையில அம்மா பக்கமாத் தள்ளி வைச்சிட்டா. வடையில ஒண்டைச் சாப்பிட்டு, மற்றதை டிஷ்யூவில சுத்தி பாக்குக்குள்ள வைச்சுக்கொண்டு போனா.